கால் பட்ட நதித்தெய்வம்

கணேசலிங்கம் அண்ணைக்கு 1992 இல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது. அதற்கு முன் தோர்ண்டன் ஹீத்தில் பெற்றோல் நிலையத்தில் நின்றவர். தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானால்தான் கொழும்பில் காத்திருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம்.

அவர் காவல் நின்ற அறையில் இருந்தது ஒரு ரோமானிய நதித்தெய்வம். பளிங்கில் செய்த தாடிக் கிழவர், குடமொன்றில் முழங்கையை ஊன்றிச் சரிந்திருப்பார். ஒரு காலத்தில் யாரோ செல்வந்தரின் தோட்டத்தில் அந்தக் குடத்தின் வாயால் தண்ணீர் கொட்டியதாம். இப்போது குழாய் விட்ட துளை மட்டும் மிச்சம். அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே அண்ணையின் வேலை.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், படிப்புக்கேற்ற வேலை தேடியபடி, அந்த அருங்காட்சியகக் கடையில் தபாலட்டை விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சிறுமி குடத்துக்குள் கையை விடப் போனாள். தடுக்க ஓடிய அண்ணையின் சப்பாத்து சிலையின் பாதத்தில் இடித்தது. உடனே குனிந்து, அதைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அது அந்த இடத்து வழக்கம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். வரிசையில் நின்று தொட்டு ஒற்றத் தொடங்கினார்கள். முகாமையாளர் வந்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது.

அண்ணைக்கு ஆங்கிலம் ஓடும். ஆனால் விசாரணை என்றால் நாக்கு ஒட்டிவிடும். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே சொன்னேன்: "அண்ணை, தூசி துடைச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"தூசி துடைச்ச கையை ஆரும் கண்ணிலை ஒத்துவினமோ? படிச்ச பிள்ளை, பொய்யையாவது பொருந்தச் சொல்லும்."

உள்ளே முகாமையாளர் கேட்டார்: "அது உங்கள் கடவுளா?"

"எங்கடை இல்லை. எண்டாலும் வயசுபோன மனுசன். காலாலை இடிச்சிட்டு ஒண்டும் நடக்காத மாதிரிப் போக ஏலுமே?"

கூட்டவும் குறைக்கவும் என்னால் முடிந்திருக்கும். குறைத்தால் காப்பாற்றுவது அவரையா, என் கூச்சத்தையா என்று எனக்கே தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

"மறுபடியும் கால் பட்டால்?"

அண்ணை யோசித்தார். "பட்டால் தொடுவன்."

அதையும் சொன்னேன். முகாமையாளர் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் கால் படாத அறைக்குப் போங்கள்" என்றார்.

மட்பாண்ட அறைக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாம் கண்ணாடிக்குள். வேலையும் நிரந்தரமானது.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். அண்ணை மகளை முதலில் கூட்டிப்போனது நதித்தெய்வத்திடம்தான். எட்டவே நிறுத்தி, "சப்பாத்து கவனம்" என்றார்.