செலீன் அன்ரியின் முப்பத்தோராம் நாள்

தேவதாசன் தன் வாழ்நாளில் ஒரு நுளம்பைக்கூட நிம்மதியாக அடித்ததில்லை. அடித்தால் அதற்கும் ஒரு சிலுவை அடையாளம் போடுகிற மனிதர். அப்படிப்பட்டவர்தான் 2007 வைகாசியில் ஒரு பெண்ணைக் கொன்றார். கத்தி எடுக்கவில்லை, நஞ்சு வைக்கவில்லை. மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கத்தரிக்காய்ப் பெட்டியின் மேல் கடதாசியை விரித்து வைத்து, ஐந்து வரியில் ஆளை முடித்துவிட்டார்.

தேவதாசனுக்குச் சொந்த ஊர் மன்னார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவர் அதுவரை மடித்த கட்டில் விரிப்புகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்தால் மன்னாருக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை தமிழ்க்கடைகளில் சும்மா கிடைக்கும் 'பனிமுரசு' பத்திரிகைக்குத்தான் எழுதினார். அந்தப் பத்திரிகையை வாசித்த சனத்தைவிட அதில் மீன் சுற்றிக்கொண்டு போன சனம்தான் கூட. ஆனாலும் அதன் சிறுவர் பக்கத்தை மட்டும் தாய்மார் கிழித்து வைப்பார்கள்.

2003இல் தொடங்கியபோது சொந்தப் பெயரில்தான் எழுதினார். தேவதாசன் மாமாவின் கதையில் எப்போதும் ஒரு முயல் பொய் சொல்லும், பிறகு அழும், பிறகு திருந்தும். உலகத்து முயல்கள் எல்லாம் திருந்தி முடிந்த பிறகும் அவர் விடவில்லை. பத்திரிகை ஆசிரியர் விமலநாதன்தான் ஒருநாள் இடை மறித்தார். ஆசிரியர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், பகலில் சந்தையில் மரக்கறி விற்கிறவர்.

"அண்ணை, பக்கம் முழுக்க ஒரே ஆளின்ர பேர் கிடந்தா எங்களிட்ட வேற எழுத்தாளர் இல்லையெண்டு சனம் நினைக்கும்."

"இல்லைத்தானே?"

"அதுக்கு? இல்லாததை அச்சடிச்சுக் காட்டோணுமே? பேரை மாத்தி எழுதுங்கோ."

மாற்றினார். கடல் கதைக்குக் கப்டன் கராம்பு. விஞ்ஞானத்துக்குப் பேராசிரியர் தும்பி. இந்த இரண்டு பேரையும் புகழ்ந்து கடிதம் எழுதிய 'லாவல் நிரோஜா'வும் அவரேதான். ஒரு பின்னேரம், விரிப்பு மடித்துக் கை ஓய்ந்த நேரத்தில், செலீன் அன்ரி வந்தார்.

செலீன் அன்ரி றிமூஸ்கியில் தனியாக இருக்கிறார் என்று தேவதாசன் எழுதினார். அங்கே தமிழர் ஒருவரும் இல்லை, அதனால் போய்ப் பார்க்கவும் ஆள் இல்லை என்பது கணக்கு. செலீன் அன்ரி ஒரு முயலையும் திருத்தவில்லை. மெத்ரோவில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பான லொங்குய்யில் போய் இறங்கிய அணிலைப் பற்றி எழுதினார். கோடைகாலம் முழுவதும் அலுமாரிக்குள் கிடந்து அழுத பனிச்சப்பாத்தைப் பற்றி எழுதினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசித்தார்கள். பிரெஞ்சில் கனவு காண்கிற பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசித்தார்கள்.

தேவதாசனின் மனைவி அக்னெஸ் வீட்டில் சின்னக் கார்டெறி வைத்து ஆறு பிள்ளைகளைப் பார்த்தார். அந்தக் கதைகளை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துவிட்டு, புருசனைப் பார்த்துச் சொல்வார்: "நீங்களும் எழுதிறியள். இந்த மனிசியும் எழுதுது. பழகிக்கொள்ளுங்கோவன் அப்பா."

தேவதாசன் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிவிடலாம்தான். ஆனால் இவ்வளவு காலமாகச் சொல்லாததை இனிச் சொன்னால், ஏன் சொல்லவில்லை என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். அது அவருக்கே தெரியாது.

பத்திரிகை வழியாகச் செலீன் அன்ரிக்குக் கடிதங்கள் வந்தன. ஆகக் கூட எழுதியது ஷெரோன் என்கிற பெண்ணின் மகள் ஜென்சி, ஒன்பது வயது. கோயிலில் ஞாயிறுதோறும் தேவதாசனுக்குப் பின்வாங்கில் இருக்கிற பிள்ளை. முதலில் அணில் படம் கீறி அனுப்பினாள். பிறகு, 'அன்ரி, அப்பா எங்களை விட்டிட்டு லொங்குய்யுக்குத் தனிய போட்டார். அம்மா வேலைக்குப் போனவர் எண்டு சொல்லுறா. எனக்குத் தெரியும். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது' என்று எழுதினாள். தேவதாசன் அதை வாசித்த ஞாயிறு, பூசையில் சமாதானம் சொல்ல அந்தப் பிள்ளை பின்னாலிருந்து நீட்டிய கையைப் பிடிக்க முடியாமல் பிடித்தார். கடிதங்களை வேலையிடத்து லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

வினை அக்னெஸ் வழியாக வந்தது. கோயில் பங்கின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பரிசளிப்பு விழா. அக்னெஸ் குழுவில் இருந்தார். பிரதம விருந்தினர் செலீன் அன்ரி என்று ஒரே மனதாகத் தீர்மானித்தார்கள். ஜென்சியைக் கொண்டு அழைப்புக் கடிதம் எழுதுவித்து விமலநாதனிடம் கொடுத்தார்கள்.

சந்தையில் விமலநாதனும் தேவதாசனும் முழிசினார்கள்.

"சுகமில்லையெண்டு போடுவம்," என்றார் விமலநாதன்.

"பஸ் பிடிச்சுப் போய்ப் பாப்பினம். அக்னெஸ் சூப்போட போவா."

"கனடாவை விட்டே போட்டா எண்டு?"

"எந்த நாட்டில எங்கட சனம் இல்லை, விமலநாதன்? பாரிசில ஒரு மச்சாள், ஒஸ்லோவில ஒரு சித்தப்பா. ரெண்டு நாளில போன் நம்பர் எடுத்திடுவினம்."

போன் இல்லாத ஊர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. விமலநாதன் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து உருட்டினார். தேவதாசன் பேனையை எடுத்தார்.

காலமானார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எழுத்துக்காரனின் கை நிற்குமா? 'சிறார்களின் அன்பு அழைப்பை ஏற்று மொன்றியலுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை' காலமானார் என்று ஒரு பூவும் வைத்து எழுதினார். எழுதி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது.

மரண அறிவித்தல் என்றால் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி, மைத்துனி, பெறாமகள் என்று அரைப்பக்கம் போக வேண்டும். நாய்க்குட்டி செத்தால்கூட எங்கள் சனம் நாலு மச்சானைச் சேர்த்துப் போடும். செலீன் அன்ரிக்கு ஒரு பெயரும் இல்லை. அக்னெஸ் பத்திரிகையை விரித்துவைத்து மூக்கைச் சிந்தினார்.

"ஒரு சகோதரம் இல்லை. ஒரு பெறாமகன் இல்லை. அநாதையா கிடந்து செத்திருக்கு. அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க ஆளில்லையே அப்பா?"

"விடப்பா, அங்க யாரும் செய்வினம்."

"உங்களுக்குப் பொறாமை. செத்த பிறகுமே?"

அக்னெஸ் தொலைபேசியை எடுத்தார். அதன்பிறகு அந்தத் தீயை அணைக்க சென் லோறன் ஆறே வந்திருந்தாலும் காணாது. முப்பத்தோராம் நாள் பூசை, மண்டபத்தில் சாப்பாடு, நானூறு பற்றிஸ். பரிசளிப்பு விழாவை ஒத்திவைத்தார்கள்.

பற்றிஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது அக்னெஸ் இதையும் சொன்னார்.

"ஷெரோனின்ர பிள்ளை வகுப்புக்கு வரமாட்டன் எண்டு நிக்குதாம். தான் கடிதம் போட்டுக் கூப்பிட்டபடியால்தான் அன்ரி வெளிக்கிட்டுச் செத்தவவாம். தான்தான் கொன்றதாம். இனித் தமிழ் எழுதினா இன்னும் ஆரும் சாவினமாம். ராவில சாப்பிடுறதும் இல்லையாம்."

 அந்தக் கிழமை முழுக்கத் தேவதாசன் மடித்த விரிப்புகளை மற்றவர்கள் எடுத்துத் திரும்ப மடித்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு தடவை வரிசையில் நின்றார். இரண்டு தடவையும் தன் முறை வரும்போது பின்னால் நின்ற ஆளை முன்னுக்கு விட்டார். சாமியாரிடம் சொன்னால் பாவம் போகலாம். பிள்ளை சாப்பிடுமா?

பூசை நாள். தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது. கோயில் படியில் ஜென்சி வெள்ளைச் சட்டையோடு தனியாக இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தேவதாசன் ஒரு படி கீழே குந்தினார்.

"பிள்ளை, நீ ஒருத்தரையும் கொல்லேல்லை. செலீன் அன்ரி எண்டு ஒரு ஆளே இல்லை. நான்தான் எழுதினனான்."

அவள் நம்பவில்லை. "பொய். நீங்கள் முயல் மாமா."

"முயலும் நான்தான். அணிலும் நான்தான்."

"கப்டன் கராம்பு?"

"நான்."

"பேராசிரியர் தும்பி?"

"அதுவும்."

"அப்ப அன்ரி சாகேல்லை?"

"இல்லையம்மா."

"நான் செய்யேல்லை?"

"நீ ஒண்டுமே செய்யேல்லை. எல்லாம் நான் செய்தது."

ஜென்சி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். ஒரு மாதம் அடக்கி வைத்த மூச்சு அது. தேவதாசனும் சேர்ந்து விட்டார். அவர் விட்டு முடிய முதல் அவள் முகம் மாறியது.

"அப்ப அப்பான்ர கதை? அது அன்ரிக்குத்தான் சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

தேவதாசனிடம் நாலு பேரின் பெயர் இருந்தது. அவள் கடிதம் போட்டது அதில் ஒருவருக்கு மட்டும்.

"என்ர கடிதங்களைத் தாங்கோ," என்றாள். எழுந்து தாயிடம் போய்விட்டாள்.

அவர் உள்ளே போய், பலிபீடத்துக்கு முன்னால் நின்று, நிறைந்திருந்த கோயிலுக்கு உண்மையைச் சொன்னார்.  ஊசி விழுந்தால் லொங்குய்யில் கேட்டிருக்கும். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "உந்த மனிசனுக்கே நான் காசு குடுத்துப் பூவளையம் வாங்கினது?" என்றார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சனம் வந்திட்டுது, பூசையை வைப்பம். ஒரு ஆத்துமாவுக்குத் தேவையாத்தான் இருக்கு. அது முன்னுக்கு நிக்குது."

அக்னெஸ் பற்றிஸைப் பரிமாறினார். பாத்திரங்களைக் கழுவினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பனிச்சப்பாத்துக் கதை… அதுவும் நீங்களே?"

"ஓம்."

"இந்த வீட்டில நீங்கள் ஒருநாளும் என்னோட அப்பிடிக் கதைச்சதில்லை."

கத்தியிருந்தால் தேவதாசன் தாங்கியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை லாக்கரைத் திறந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு தமிழ் வகுப்பு வாசலில் போய் நின்றார். ஜென்சி கொப்பியோடு வந்திருந்தாள். திரும்பச் சாப்பிடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் நீட்டினார். அவள் வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாம் தன் கையெழுத்துத்தானா என்று பார்த்தாள்.

"மெர்சி, மிசியே," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். தெருமூலைத் தெப்பனேரில் பால் வாங்கிவிட்டு முன்பின் தெரியாத கடைக்காரனுக்குச் சொல்கிற மாதிரி. உள்ளே போய் முன்வாங்கில் இருந்தாள்.