காலியாக இருந்த மாடி

டப்ளினில் வேலை கிடைத்து, கிளம்ப இரண்டு வாரமே இருந்தது. அங்கே நாற்பது வாடகை வீடுகளுக்கு இணையத்தில் எழுதியும் ஒருவரும் பதில் போடவில்லை. சிறுசேரி ஆபீஸ் நண்பர்தான், "கோவளத்துல அன்வர்னு ஒருத்தர் இருக்கார். அவர் தம்பி டப்ளின்லதான் இருக்கார். நேர்ல போய்க் கேளுங்க" என்றார்.

மறுநாள் காலை போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

போன வருடம் கேளம்பாக்கத்தில் என் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு மனைவியோடு வந்த ஆட்டோக்காரர் அவர். பெயரைக் கேட்டதும், "நேத்துதான் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்" என்று பொய் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"உள்ள வாங்க சார்" என்றார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். உடனே தம்பிக்குப் போன் போட்டார். "நமக்குத் தெரிஞ்சவருடா. ரூம் காலியா கீதுன்னியே, அவருக்குக் குடு."

என்னால் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு மாடி காலியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் சார். தினம் அந்த வழியாத்தான் சவாரி. ரெண்டு மாசம் டு-லெட் போர்டு தொங்கிக்கினுதான் இருந்துச்சு." குரலில் கோபமே இல்லை. "வூடு கெடைக்காம அலையறது பேஜாரு சார். உங்களுக்கு வேணாம் அது."

டப்ளினில் தம்பி விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார். அந்த அறையில் ஏழு மாதம் இருந்தேன். அண்ணன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானே சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை.