ஜோதிலட்சுமியின் எதிர்க்கட்சிக்காரர்

கங்காதரன் தாலி கட்டி முடித்து, மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வரும்போதுதான் அதைக் கவனித்தார். வலது முன்கையின் உள்பக்கம், கண்ணாடி வளையல்களுக்கு மேலே, பச்சை குத்திய ஒரு கட்சிச் சின்னம். அவருடைய கட்சியின் சின்னம் அல்ல. எதிர்க்கட்சியின் சின்னம்.

பட்டினப்பாக்கத்தில் மீன் ஏலம் விடுபவரின் மகள் ஜோதிலட்சுமி. அந்தக் கரையில் அன்றைக்கு அந்தக் கட்சிக் கொடி கட்டாத படகே கிடையாது. தலைவர் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தெருப் பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பச்சை குத்திக்கொண்டார்கள். இவளும் குத்திக்கொண்டாள்.

"இத்த முன்னாடியே ஏன் சொல்லல?" என்று மேடையிலேயே காதருகில் கேட்டார் மாப்பிள்ளை.

"யாரும் கேக்கலியே," என்றாள் மணப்பெண்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓய்ந்ததே இல்லை.

கங்காதரன் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். கீழ்த்தளத்தில் ஏறுகிற ஆளிடம் ஆரம்பித்த அரசியல் வாதத்தை அந்த ஆள் இறங்குகிற மாடிக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் அவருக்குச் சுருக்கமாகவும் சூடாகவும் பேச வந்தது. ஜோதிலட்சுமிக்கு ஏலக்கரையில் வளர்ந்த குரல். இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும்! கூடத்தில் ஒரு சுவர் அவருக்கு, எதிர்ச்சுவர் அவளுக்கு. இரண்டு தலைவர்களும் படத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே இவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கொடியிலும் கறுப்பும் சிவப்பும்தான். ஒன்றைத் தைத்து மிஞ்சிய துணியில் தையல்காரர் இன்னொன்றையும் தைத்துவிடலாம். ஆனால் ஒருவர் கொடியை மற்றவர் துணியோடு சேர்த்துத் துவைத்ததில்லை.

அந்தச் சண்டைகளிலேயே பெரியது வீட்டு வரிச் சண்டை.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் சின்னதாக வீடு வாங்கியிருந்தார்கள். அவள் அப்பா கொடுத்ததும் இவர் கடன் போட்டதும் சேர்ந்து வாங்கியது. பத்திரம் அவள் பெயரில். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வீடுகளைப் புதிதாக அளந்து வரி போட ஆள் வந்தபோது ஜோதிலட்சுமி மாடிப்படியில் நாலு அண்டாவையும் ஒரு கோழிக்கூண்டையும் வைத்து வழியை அடைத்துவிட்டாள்.

"மேல இன்னாமா கீது?"

"தட்டுமுட்டு சாமான் சார். ஆளுங்க யாரும் இல்ல."

பின்னால் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த கங்காதரன் சொன்னார்: "மேல ஒரு ரூமு, குளிக்கிற மறைப்பு, எல்லாம் கீது சார். குடித்தனம் இருக்கறாங்க. அளந்துக்கோங்க."

அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டு கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது. "உன் கட்சி கல்லாவ ரொப்பறதுக்கு என் ஊட்ட அளந்து குடுக்கறியா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மாநகராட்சி அப்போது அவருடைய கட்சியின் கையில் இருந்தது.

"வரி ஒயுங்கா கட்டுறவனுக்குத்தான் வாய் இருக்கும் ஜோதி. சந்துல லைட் எரியலன்னு நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு கேப்பே?"

"எனக்கு வாய் இல்லேன்னு எவன் சொன்னான்?"

ஒரு வாரம் அவள் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்தாள். பிறகு ஆட்சி மாறியது. மாறின பிறகு தண்ணீர் வரி ஏறியபோது கங்காதரன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "தண்ணி இன்னா சொம்மா வருமா? மோட்டார் ஓட்ட துட்டு வாணாமா?" என்று கேட்டவள் ஜோதிலட்சுமி. இப்படி மாறி மாறி, வரி வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இருவரும் எத்தனையோ முறை பேசித் தீர்த்துவிட்டார்கள். அவருடைய வாதம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுடையது அவருக்கு.

போன மழைக்காலத்தில் கங்காதரன் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலி என்றார். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். லிஃப்டில் ஏறும்போது நினைவு இருந்தது, இறங்கும்போது இல்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கிற மகள் அஸ்வினி, "எங்கூட வந்துடும்மா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஜோதிலட்சுமி போகவில்லை. வாசலில் காலை நேரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அதைச் சாக்காகச் சொன்னாள். டிவியில் செய்தி ஓடும்போது பழக்க தோஷத்தில் திரும்பி, "கேட்டியா உன் ஆளு பேசறத?" என்பாள். எதிர்ச்சுவரில் அவர் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் இந்தத் தேர்தல் வந்தது.

இட்லிக் கடை பெஞ்சில் காலையில் உட்கார்கிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள். பஞ்சு மெத்தைக் கடை கலீமுல்லா பாய், சந்தில் இரண்டு குடித்தனம் விட்டிருக்கிற வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிற பிரபு, ஜோதிலட்சுமியின் மாடி அறையில் குடியிருப்பவன். பாத்திரம் கழுவ வருகிற முனியம்மாள். ஆற்றோரக் குடிசையை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவள், இன்னமும் விடியும் முன்னே பஸ் பிடித்து இங்கேதான் வருகிறாள். வீட்டு வரி மறுபடியும் ஏறியிருந்தது. பாய் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் ஏத்திகினே போனா மனுசன் இன்னா பண்றது? இந்த தபா சந்து மொனையில ஒரு பேனர் கட்டப்போறேன். 'வரியக் கொறைக்காம ஓட்டுக் கேட்டு யாரும் உள்ளே வராதீங்க.' ஒரு பக்கம் என் கடை கம்பி, இன்னொரு பக்கம் உங்க மாடி கம்பி. இன்னா ஜோதிம்மா?"

"வரி போடறது கார்ப்பரேஷனு பாய். இது எம்எல்ஏ எலெக்ஷன்," என்றான் பிரபு.

"எல்லாம் ஒரே கட்சிதானப்பா. கையி வேற, உடம்பு ஒண்ணு."

"உங்களுக்கு வரி ஏறுனா எனக்கு வாடகை ஏறுது. நான் யாருக்கு பேனர் கட்றது? அதான் இந்த வாட்டி புதுக் கட்சிக்குப் போடலாம்னு பாக்கறேன்."

முனியம்மாள் தேய்த்த குண்டானைக் கவிழ்த்தாள். "எங்களுக்கு வரியே இல்லியாம். காலைல போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் பஸ்ல நிக்கறோமே, அத்த எதுல சேக்கறதாம்?"

பாய் மறுபடி வரிக்கே வந்தார். "இவ்ளோ வாங்கறானே, நமக்கு இன்னா செஞ்சான்?"

சட்டினி ஊற்றிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமியின் வாயிலிருந்து வந்தது: "அப்போ காலைல குப்ப எடுக்கறானே, கொசு மருந்து அடிக்கறானே, அதெல்லாம் உங்க நைனா ஊட்டுத் துட்டா? ஒயுங்கா கட்டு, அப்பறம் சட்டையப் புட்ச்சி கேளு!"

பாய் இட்லியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். இப்போது ஆள்வது கங்காதரன் கட்சி; அதற்கு அவள் பரிந்து பேசி அந்தச் சந்து கேட்டதில்லை. அவளுக்கும் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் வாதமே இல்லை. அவருடையது. அவர் இழுக்கிற அந்த 'ஒயுங்கா' உள்பட.

"கங்காதரன் பேசுன மாரியே கீதும்மா," என்றார் பாய் மெதுவாக.

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பேனரெல்லாம் வாணாம் பாய். என் கம்பில கட்டாதீங்க," என்றாள். "வர்றவன வராதேன்னா அப்பறம் யாராண்ட கேப்பீங்க? வரட்டும். சத்தமாவாவது இருக்கட்டும்."

அவள் சத்தத்துக்கு ஏங்கியது நிஜம். ஒரு காலத்தில் தேர்தல் வந்தால் அந்தச் சந்தில் தோரணமாகக் கொடி தொங்கும், ரிக்‌ஷாவில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் சின்னம் வரைவார்கள். அவள் வீட்டுச் சுவரில் இடது பாதி ஒரு கட்சி, வலது பாதி இன்னொரு கட்சி. நடுவில் கங்காதரன் சுண்ணாம்பால் கோடு இழுத்திருப்பார். அவருடைய கட்சிக்காரர்கள் வந்தால் அவள் முணுமுணுத்துக்கொண்டே டீ போடுவாள். இவளுடைய கட்சிக்காரர்கள் வந்தால் அவர் நாற்காலி எடுத்துப் போடுவார். இப்போது எல்லாம் போனில்தான்.

ஆனாலும் வந்தார்கள். முதலில் அவள் கட்சிப் பையன்கள். "அக்கா, உங்க கையிலயே கீது, உங்களாண்ட தனியா கேக்கணுமா?" என்று சிரித்துவிட்டு நோட்டீஸை வைத்தார்கள்.

"நீங்க வந்தா வரி கொறைப்பீங்களா?"

"தலைமைதான் சொல்லணும்க்கா."

"அப்போ நீ இன்னாத்துக்கு வந்தே?" என்றாள். பையன்கள் நெளிந்துகொண்டே அடுத்த வாசலுக்குப் போனார்கள்.

மறுநாள் சாயந்திரம் கங்காதரன் கட்சியினர் வந்தார்கள். மேளம், துண்டு, கையில் நோட்டீஸ். அவர்களில் புகழேந்தி என்பவர் பழைய வட்டச் செயலாளர், கங்காதரனோடு சேர்ந்து போஸ்டர் ஒட்டியவர், இப்போது முழங்கால் வலியோடு நடந்துகொண்டிருந்தார். ஜோதிலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். கூட்டம் பக்கத்து வீட்டில் நின்றது, அடுத்து இவள் வீட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனது. புகழேந்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த வீட்டில் அவர்களுடைய ஓட்டு ஒன்றுதான். அது போய்விட்டது.

"இன்னாண்ணே, வாசல் தெரியலியா?"

புகழேந்தி நின்றார். "இல்ல அண்ணி. அண்ணன் இல்லாத ஊட்ல எப்படி ஏறுறதுன்னு…"

"அவுரு இல்லன்னா டீயும் இல்லாம பூட்ச்சா? உள்ள வாங்க."

வந்து உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் தன் தலைவரின் படம் தூசி தட்டி அப்படியே இருப்பதைப் பார்த்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டும் குடிக்கவில்லை.

"அண்ணி, உங்களாண்ட ஓட்டுக் கேக்குற தெகிரியம் எனக்கு என்னைக்கும் இருந்ததில்ல."

"இப்பவும் கேக்காதீங்க. வேற ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இந்த வரிய ஏத்துனது சரின்னு நெனைக்கறீங்களா?"

அவர் வெளியே நின்ற தன் ஆட்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கட்டடம் கட்றாங்க, ரோடு போடறாங்க, துட்டு வோணும். ஆனா ஒரே அடியா இவ்ளோ… என் ஊட்டுக்கும்தான் ஏறிகீது அண்ணி. என் மருமவ என்னைய திட்டிகினே கீது."

"அவுரு இருந்தா இப்டி ஒத்துக்குவாரா? விடிய விடிய வாதாடி இருப்பாரு."

"ஆமா," என்றார் புகழேந்தி. "கண்டிப்பா." மேளக்காரன் பொறுமை இழந்து வெளியே ஒரு தட்டுத் தட்டினான். அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

ஓட்டுப் போடுகிற நாளன்று அவள் விடியற்காலையிலேயே குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எப்போதும் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். போகும்போது ஒரே ஆட்டோ, பேச்சு கிடையாது. வரும்போது ரத்னா கபேயிலோ எங்கேயோ ஒரு காபி. இன்றைக்குப் பெண்கள் வரிசையில் தனியாக நின்றாள். பக்கத்து ஆண்கள் வரிசையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாய் கேலி செய்வார்: 'உங்க ஊட்டு ரெண்டு ஓட்டையும் கூட்டிக் கழிச்சா முட்டைதான்.' அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும். வரிசை நகர்ந்தபோது அது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அவள் ஓட்டு முழுசாக விழப்போகிறது. எதிரே நின்று அடிக்க ஆளில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் பள்ளிக்கூடப் படியில் ஏறாமல் நின்றாள். பின்னால் நின்ற பெண், "போங்கம்மா," என்றாள்.

உள்ளே மிஷின் முன் நின்று, மேலிருந்து கீழ்வரை எல்லாச் சின்னங்களையும் முதல்முறையாகப் பொறுமையாகப் பார்த்தாள். அவருடைய சின்னத்தின் மேல் கண் கொஞ்சம் நின்றது. வரி, வாடகை, முனியம்மாள் நின்றுகொண்டு வருகிற பஸ் எல்லாம் மனசில் ஓடியது. கடைசியில் தன் கட்சியைத்தான் அழுத்தினாள். அதை ஆசையாகவும் அழுத்தவில்லை, பழக்கத்துக்காகவும் அழுத்தவில்லை. வேறு ஒன்றை அழுத்தியிருந்தால், 'எனக்காவ மாத்திப் போட்டியா? மானங்கெட்டவளே' என்று முதலில் திட்டியிருக்கக்கூடியவர் அவர்தான் என்று தோன்றியது. திரும்பும்போது காபி குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கடை போட்டாள். பாய் வந்து உட்கார்ந்தார். விரல் மையைப் பார்த்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தார்.

"ஜோதிம்மா, திட்டக் கூடாது. வரிக் கோவத்துல மாத்திப் போடத்தான் போனேன். உள்ள போய் நின்னா கங்காதரன் நெனப்பு வந்திச்சி. அவன் ஓட்டு ஒண்ணு கொறையுதேன்னு… அவன் கட்சிக்கே போட்டுட்டேன்."

ஜோதிலட்சுமி இட்லித் தட்டின் மூடியைத் திறந்தபடி நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது.

"இன்னா பாய் சொல்றே?"

"தப்பா?"

"தப்பான்னு கேக்கறியா? வரி வரின்னு ஒரு மாசமா என் கடையில குந்திகினு கூவிட்டு, போயி அங்கியே குத்திட்டு வந்தியா? நான் ஒத்த ஆளா போட்ட ஓட்ட நீ போயி அடிச்சிட்டியா? உன்ன நம்பி ஒரு சந்தே இருந்திச்சேய்யா!"

குரல் ஏறிக்கொண்டே போனது. ஏலக்கரைக் குரல். மாடியிலிருந்து பிரபு எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பாயும் சும்மா இருக்கவில்லை, "என் ஓட்டு, என் இஷ்டம்!" என்று எழுந்து நின்றுவிட்டார். உன் தலைவர் என்ன கிழித்தார், என் தலைவர் இல்லாவிட்டால் உனக்கு ரேஷன் அரிசி ஏது என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது.

பஸ் தாமதமாகி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்த முனியம்மாள் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள். "இன்னாச்சி, யாருக்கு இன்னா?" என்று பிரபுவைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. வரிச் சண்டை," என்றான் அவன்.

ஜோதிலட்சுமியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை. சண்டையில் அதற்குள் தண்ணீர் வரிக்கு வந்திருந்தாள்.