மூன்று வரியில் முடித்த பேப்பர்

பி.எஸ்ஸி. கணிதம் முடிக்கக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. தமிழ், ஆங்கிலம், மேஜர், சுற்றுச்சூழல் மாதிரி உதிரிப் பேப்பர்கள், என்.எஸ்.எஸ். போன்ற சேவை என்று ஐந்து பகுதி. எதில் நின்றாலும் பட்டம் நின்றுவிடும். முதல் வருஷமே சொன்னார்கள். உதிரியில் யார் தோற்பார்கள் என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் கவிழ்ந்த ரியல் அனலிசிஸில் ஒரே முயற்சியில் தேறிய நான், கடைசி செமஸ்டரில் சுற்றுச்சூழலில் கவிழ்ந்தேன். குளம் மாசடையும் காரணங்களை விவரிக்கச் சொல்லிப் பத்து மார்க் கேள்வி. கழிவுநீர் கலக்கிறது, பிளாஸ்டிக் சேர்கிறது, எனவே குளம் மாசடைகிறது. மூன்று வரி. நிரூபணம் முடிந்தால் போடும் சின்னக் கட்டத்தையும் கீழே போட்டேன். எல்லாக் கேள்விக்கும் இதே கதைதான். அரை மணியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பட்டம் கைக்கு வராமல் பி.எட். சேர முடியாது. துணைத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில், பி.ஏ. பொருளாதாரம் எழுதியிருந்த தோழியிடம் அழுதேன்.

"நீ என்னடி, தந்தி அடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்கே? தலைப்புப் போடு. அடிக்கோடு போடு. ஒங்க ஊருக் கம்மாயில என்ன கெடக்குன்னு ஒவ்வொண்ணா எழுது."

தினமும் பஸ்ஸில் ஒரு கேள்வி கேட்பாள். நான் சொல்லி நிறுத்தினால், "இன்னும்?" என்பாள். கண்டக்டருக்கே எங்கள் ஊர்க் கண்மாயின் நிலைமை மனப்பாடமாகியிருக்கும். தேர்வில் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன்.

ரிசல்ட் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நான் பாஸ். அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு தன் போனில் எதையோ பார்த்து, சட்டென்று பைக்குள் வைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். புள்ளியியல், ஃபெயில். அவளுக்கும் ஒரு பேப்பர் நின்றிருந்தது. என் தேர்வுக்கு மறுநாள் அவளும் போய் எழுதியிருக்கிறாள். கணக்குப் படித்த நான் ஒரு மாதம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் ரிசல்ட் என்னவென்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"நீயே அழுதுக்கிட்டு இருந்தே. ஒனக்கு பி.எட். சேரணும்ல. எனக்கு என்ன அவசரம்?"

மறுநாள் காலை பஸ்ஸில் அவளுக்கு முன்பே ஏறி, இடம் பிடித்து வைத்தேன். மடியில் அவளுடைய பாடத்துக்கான புள்ளியியல் புத்தகம் இருந்தது. வந்து உட்கார்ந்தவள் முதல் கணக்கைப் படித்துப் பார்த்து, தெரிந்த அளவு சொல்லி நிறுத்தினாள்.

"இன்னும்?" என்றேன்.