அடித்தவன் செய்ய வேண்டிய வேலை

அடித்தவனுக்குத் தண்டனை உண்டு. அடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு என்ன உண்டு? சிலம்பம் கற்க வந்த ஒரு சிறுமி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது கேட்டால் கோட்டைக்குப்பத்து அங்காளம்மாளின் கதையைச் சொல்வேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் இருந்த காலம். அங்காளம்மாள் காலையில் மீன் விற்பாள், மாலையில் கம்பு சொல்லிக்கொடுப்பாள். கற்க வந்தவர்கள் எல்லாரும் கல்யாணமான ஆண்கள். பெண்ணிடம் கற்பதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்தது. அவளிடம் அடி வாங்கிய பிறகு அது போய்விட்டது.

அவளுக்கு ஒரே சட்டம்தான். ஒருவனைக் காயப்படுத்தினால், அவன் தேறும்வரை அவனுடைய வேலையை அடித்தவனே செய்ய வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று குப்பத்தில் முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடிபட்டவனுடைய பாடு வரும் நாளில் அடித்தவன் வலை இழுத்து, மீனை அவன் வீட்டில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அதனால் கம்பு தெரிந்தவர்கள் மிகவும் சாதுவாக இருந்தார்கள்.

மாரி மட்டும் அவசரக்காரன். ஒருநாள் படகுத்துறையில், கோட்டைக் காவலுக்கு நிற்கும் வெள்ளைக்காரன் ஒருவன் மாரியின் படகுக் கழியைப் பிடுங்கி, கோணல்மாணலாகச் சுழற்றிச் சிரித்தான். மாரி கழியைத் திரும்ப வாங்கி, எப்படிச் சுழற்ற வேண்டும் என்று காட்டினான். காவல்காரனின் மணிக்கட்டு உடைந்தது.

குப்பம் கூடியது. கோட்டைக்காரர்கள் கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று, மாரியை அக்கரையில் ஒளித்துவைக்கப் படகைத் தயார் செய்தார்கள். அங்காளம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அடிபட்டவன் வெள்ளைக்காரன் என்பதற்காகச் சட்டத்தைக் கைவிட்டால், நாளைக்கு அதை யார் மதிப்பார்கள்?

“இன்னாக்கா, நான் போயி கோட்டைக்குக் காவல் நிக்கிறதா?” என்றான் மாரி.

“அவன நிக்கவுடாம பண்ணது யாரு? கெளம்பு. நானும் வரேன்.”

கோட்டை வாசலில் ஒல்லாந்தருக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி காஜா மைதீன் மரைக்காயர் நின்றிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இத்த அப்டியே சொன்னா என்னப் பைத்தியம்னுவாங்க” என்றார்.

“அப்டியே சொல்லுங்க மரைக்காயரே.”

சொன்னார். கோட்டை அதிகாரி மறுபடியும் சொல்லச் சொன்னார். உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த வீரர்களை நினைத்தாரோ என்னவோ, மாரியை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். துப்பாக்கி தரவில்லை. மாரியும் கேட்கவில்லை. கை உடைந்த காவல்காரனோ பக்கத்தில் உட்கார்ந்து, மாரி சரியாக நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டான்.

இனி மாரியின் வலையை யார் இழுப்பது? அவன் மனைவி முனியம்மாவும் குழந்தைகளும் சாப்பிட வேண்டும். ஆளாளுக்கு உதவுவதாகச் சொன்னார்கள். அங்காளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவன் கையில கம்பு குடுத்தது நானு” என்று மாரியின் படகில் ஏறினாள்.

பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுந்துபோய்த் தடுக்க மட்டும் யாரும் முன்வரவில்லை.

எலும்பு கூடுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை அவள்தான் வலை இழுத்தாள். மீன் சுமாராகத்தான் கிடைத்தது. மாரி திரும்பி வந்ததும் படகை ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையே அவனைக் கம்பெடுக்கச் சொன்னாள், முதல் பாடத்திலிருந்து.

கம்பு கற்றுக்கொடுக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு அவர் சொல்லட்டும்.