பீ லியானின் வேகம்

பட்டர்வொர்த்தில் பேக்டரி பஸ் ஓட்டும் பெண்கள் மூன்றே பேர். அந்த மூவரில் ஹாரனைக் குறைவாகவும் வாயை அதிகமாகவும் பயன்படுத்துபவள் பீ லியான். வயது ஐம்பத்தொன்று. விடிந்ததும் பக்கத்து ஊரான பிறையின் தொழிற்பேட்டையில் ஆட்களை இறக்கிவிட்டால், மறுபடி மதியம் இரண்டரைக்குத்தான் அவளுக்கு வேலை. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் பின்சீட்டில் நீட்டிப் படுத்துக் குறட்டை விடுவார்கள். இவள் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு கருவியில் பழைய டாஸ் கம்ப்யூட்டர் ஆட்டங்களை ஆடுவாள். அந்தக் காலக் கம்ப்யூட்டர் போலவே நடிக்கிற எமுலேட்டர் ஒன்று அந்தக் கருவிக்குள் இருந்தது.

"போன்ல ஆயிரம் கேம் கிடக்கு. நீ என்னடான்னா இந்தக் கட்டம் கட்டமா தெரியறதைப் போய் ஆடறியே" என்று பக்கத்து பஸ்காரர் கேட்டால், "உன் மூஞ்சியைத் தினம் பாக்கறவளுக்கு இது ஒண்ணும் மோசமில்ல" என்பாள்.

அவளுக்கு இந்த ஆட்டங்கள் நேற்று வந்த பழக்கமல்ல. பத்தொன்பது வயதில், பினாங்கு கொம்தார் கட்டடத்தின் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தாள். வேலை என்றால், ஆட்டங்கள் இருக்கும் ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்கு நகல் எடுப்பது. காப்புரிமை என்ற சொல்லை அந்த மாடியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எடுத்த நகலை ஓட்டிப் பார்த்து, ஓடினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் தலைப்பு வந்தவுடனே ஒட்டிவிடுவார்கள். பீ லியான் கடைசிக் கட்டம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவாள். முதலாளி கத்தினால், "கடைசில போய் டிஸ்க் கெட்டிருந்தா கஸ்டமர் உங்களைத்தானே திட்டுவான்" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

அப்படி அவள் முடித்த ஆட்டங்களில் ஒன்றுதான் கறுப்புச் சுரங்கம். இடிந்து விழும் சுரங்கத்திலிருந்து ஒரு குட்டை மனிதன் ஒன்பது தளங்கள் ஏறித் தப்ப வேண்டும். அதை வாங்கிப் போன ஹாக் செங் என்ற இளைஞன் மறுவாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். மூன்றாம் தளத்தைத் தாண்ட முடியவில்லை, இதை மனுஷனால் முடிக்க முடியாது என்றான். "நான் போன மாசமே முடிச்சிட்டேனே" என்றாள் பீ லியான். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொய்" என்று சொல்லிப் போய்விட்டான்.

போனவன் போனதோடு இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் கழித்து, டவுனில் ஒரு காப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய ஆட்டப் பிரியர்கள் கூட்டத்தில் அவள் சேர்ந்தபோது, மேசைத் தலைமாட்டில் டைல்ஸ் கடைத் தவுக்கேயாக, அதாவது முதலாளியாக, உட்கார்ந்திருந்தான் அதே ஹாக் செங். தலையில் முடி போயிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"வாங்க வாங்க, சுரங்கத்தை முடிச்ச மகாராணி!" என்பான் வாராவாரம். போன வருஷம் எட்டு மாதம் மல்லுக்கட்டி அவனே அதை முடித்துவிட்டான். அதன் பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"எனக்கே எட்டு மாசம் ஆச்சு லியான். நீ என்னமோ கடையில நின்னுக்கிட்டே, ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே முடிச்சேங்கற. கேக்கறவன் கேணையனா இருந்தா..."

"நான் சொல்லி முடிச்சதில்ல தவுக்கே, ஆடி முடிச்சது."

"அப்ப ஆடிக் காட்டு. முடியலைன்னா, அன்னிக்குச் சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும்."

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு. இதே மேசை" என்றாள் பீ லியான்.

மற்றவர்களுக்கு அது காப்பியோடு தொட்டுக்கொள்ள ஒரு வேடிக்கை. அவளுக்கு அப்படியில்லை. ஐந்தே முக்காலுக்கு பஸ் வரும் என்று அவள் சொன்னால், அதை நம்பி நாற்பது பேர் சாலையோரம் வந்து நிற்பார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த வார்த்தை தவறியதில்லை. அப்படிப்பட்டவளைப் பொய்க்காரி என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தது அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஆட்டம் ஏற்கெனவே அவள் கருவியில் இருந்தது. கூட்டத்தில் ஃபௌசி என்று ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் இருந்தார். எந்த ஆட்டத்துக்கு என்ன வேகம், என்ன ஒலி என்று எல்லாம் சரிபார்த்து மெமரி கார்டில் ஏற்றி வைத்திருப்பார். எல்லோரும் அதைத்தான் நகல் எடுத்துக்கொள்வார்கள். பீ லியான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். தாவுவதற்கு இருந்த ஸ்பேஸ் பாரை வலது ஓரப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஆடத் தொடங்கினாள்.

நான்காம் தளத்தில் விழுந்தாள். மறுநாளும் நான்காம் தளம். ஒரு வாரம் கழித்து ஒருமுறை ஐந்து வரை போய், அங்கே மண்ணைக் கவ்வினாள். எல்லா முறையும் ஒரே தவறு. பள்ளத்தின் விளிம்புக்கு அந்த ஆள் வந்து சேருமுன்பே அவள் விரல் தாவச் சொல்லிவிடும். அவனும் சொன்ன பேச்சைக் கேட்டு அழகாகத் தாவிப் பள்ளத்துக்குள் இறங்குவான். மூன்று வாரம் இப்படியே போனது. கைக்கு வயதாகிவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்தது. அதைவிட மோசமான ஒரு எண்ணமும் வந்தது. நிஜமாகவே முடித்தோமா, இல்லை சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோமா?

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸுக்குள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கருவியை டிரைவர் சீட்டில் போட்டிருந்தாள். சுரங்கத்தின் தொடக்க இசை அதில் ஓட ஆரம்பித்தது. கூடவே இவளும் முணுமுணுத்தாள். அவள் பாடி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கருவி இன்னும் பாதியில் இருந்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டாள். மறுபடி இசையைத் தொடங்கிவிட்டு மறுபடி முணுமுணுத்தாள். மறுபடியும் இவள் முந்திவிட்டாள். இழவு வீட்டு ஊர்வலம்போல அது பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கடையின் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. அந்த மாடியிலேயே புதிய மெஷின் அது. முகப்பில் டர்போ என்று எழுதிய ஒரு பொத்தான் இருந்தது. டர்போ என்றால் வேகம், வேகம் என்றால் பெருமை. யாரும் தப்பித் தவறி அணைத்துவிடக் கூடாது என்று முதலாளி அதன் மேல் செல்லோடேப்பே ஒட்டி வைத்திருந்தார்.

உடனே ஃபௌசிக்கு போன் போட்டாள். கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, அந்தப் பொத்தானை வச்சதே மெஷினை மெதுவாக்கறதுக்குத்தான். பழைய கேம் எல்லாம் புது மெஷின்ல பேய் மாதிரி ஓடும். அதை அணைச்சாத்தான் சரியான வேகம். உங்க முதலாளி டேப்பே போட்டுட்டாரா?"

"அப்ப நான் ஆடினது?"

"நீங்க ஆடினது கேமே இல்லக்கா. அது பேயாட்டம்."

"அந்த வேகத்துல ஆடினா கூட்டத்துல ஒத்துக்குவீங்களா?"

"மெதுவாக்கினாத்தான் ஏமாத்து. கூட்டிக்கறதுக்கு யார் குறுக்க நிக்கப் போறா? ஆனா அக்கா, மனுஷன் ஆட முடியாது அதை."

"அதைத்தான் ஹாக் செங்கும் சொன்னான்" என்று போனை வைத்தாள்.

எமுலேட்டரின் அமைப்புகளில் வேகத்துக்கு ஒரு எண் உண்டு. ஃபௌசி மூவாயிரம் என்று வைத்திருந்தார். பீ லியான் அதைக் கொஞ்சம் கூட்டுவாள், இசையை ஓடவிடுவாள், கூடவே முணுமுணுப்பாள். கருவி பின்தங்கினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். ஏழாயிரத்து இருநூறில் அவளும் அதுவும் ஒன்றாக முடித்தார்கள். அவள் விரல்கள் பழகியிருந்த கடை வேகம் அதுதான். அன்று மதியம் இரண்டரைக்குள் அவள் ஆறாம் தளத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காப்பிக்கடை நிறைந்திருந்தது. காயா ஜாம் தடவிய ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஃபௌசி அவளுடைய கருவியிலிருந்து சுவரில் இருந்த டிவிக்கு ஒயரை மாட்டினார். விஷயத்தை ஹாக் செங்கிடம் சொன்னார்கள். அவன் கையைத் தட்டிச் சிரித்தான்.

"ரெண்டு மடங்குக்கு மேலயா? தாராளமா! கல்லைக் கட்டிக்கிட்டு நீந்தறேங்கறா, நான் ஏன் தடுக்கப் போறேன்?"

இசை கடகடவென்று ஓடி முடிந்தது. அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். முதல் தளம் முடிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. டிவியில் அந்தக் குட்டை மனிதன் ஓடுவதைக் கண்ணால் தொடரவே கஷ்டமாக இருந்தது. பீ லியான் முகத்தில் எந்தப் பரபரப்பும் இல்லை. இருக்கிற மூன்று உயிர்களில் ஒன்றை ஆறாம் தளத்தில் விட்டாள். எட்டாம் தளத்தில் ஒரு பாறை உருண்டு இன்னொன்றையும் கொண்டுபோனது. யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இந்தப் பாறைகளை அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எப்போது விழும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். ஒன்பதாம் தளத்தின் கடைசி ஏணியில் அந்த ஆள் ஏறி வெளியே வந்து, வெயிலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

கடை முழுவதும் கத்தியது. ஹாக் செங் மட்டும் கத்தவில்லை. "குடு அதை" என்று கருவியை வாங்கினான். அதே வேகத்தில் தொடங்கினான். அவன் பொத்தானைத் தேடுவதற்குள் முதல் பள்ளத்தில் ஆள் விழுந்துவிட்டான். இரண்டாவது முறையும் அதே பள்ளம். மூன்றாவது முறையும். கருவியை மேசையில் மெல்ல வைத்தான்.

"அப்ப... அன்னிக்கு நிஜமாவே முடிச்சியா?"

"அன்னிக்கே சொன்னேனே."

"முப்பது வருஷமா உன்னைப் பொய்க்காரின்னு ஊர் பூரா சொல்லிட்டேன் லியான்." அவன் குரல் இறங்கிவிட்டது. வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டான். "எங்கே கம்ப்யூட்டர் பேச்சு வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்லுவேன்."

"யார் யார்கிட்ட?"

"என் பொண்டாட்டிகிட்ட. தம்பிகிட்ட. கடைல வேலை செய்யறவங்ககிட்ட."

பீ லியான் அவன் சட்டைப் பையிலிருந்த போனைக் கண்ணால் காட்டினாள்.

"கூப்பிடு."

"எதுக்கு? இங்க எல்லாரும் பாத்துட்டாங்களே."

"இங்க இல்லாதவங்க இன்னும் அந்தக் கதையைத்தானே நம்பறாங்க. கூப்பிடு."

ஹாக் செங் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்குப் பரிந்து வரவில்லை. போனை எடுத்தான்.

"கேளு, நான்தான். கொம்தார்ல ஒருத்தி பொய் சொன்னான்னு சொல்லுவேன்ல, டிஸ்க் கடைக்காரி? அவ பொய் சொல்லலை... இல்லடி, குடிக்கல. மணி பத்தரைதான் ஆகுது... ஆமா, அவ சொன்னது உண்மை. நான்தான் தப்பாச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். பீ லியான் தன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"அடுத்தது தம்பி" என்றாள்.