மூன்று மணி நேரத்துக்குள் திரும்பும் சாலைகள்

எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் என் வீட்டுக்காரரை 'மூணு மணி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று, உப்பங்கழியைச் சுற்றி ஒரு சுற்று, காட்டின் ஓரமாக ஒரு சுற்று. எதில் கூட்டிப் போனாலும் மூன்று மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம், என்னமாய் வழி போட்டிருக்கிறார் மனுஷன் என்று ஒரே புகழ்ச்சி. அவர் எங்கே போட்டார்? போட்டது என் முதுகு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் பஸ் கண்டக்டர். மழையில் நனைந்த படியில் கால் வழுக்கி, ஓடுகிற வண்டியிலிருந்து மல்லாக்க விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அன்றைக்குப் போன உணர்ச்சி திரும்பவே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் யாராவது என்னைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண். ஒருமுறை அது வந்து எலும்பு வரைக்கும் போய், நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிலிருந்து அவர் கைக்கடிகாரம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலறும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தவர் தெரியுமா? சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். திடீரென்று கடையைப் பூட்டிவிட்டு, ஒரு போர்வையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான்கு நாள் ஆளையே காணாது. ஐந்தாம் நாள் கரிக்கட்டையாய்க் கறுத்துப் போய் வாசலில் வந்து நின்று சிரிப்பார். கத்துவேன். அந்தக் கத்தலெல்லாம் இப்போது நினைத்தால் சுகமாக இருக்கிறது.

இப்போது கடற்கரை விடுதியில் சைக்கிள் வழிகாட்டி வேலை. வண்டி மிதித்துக்கொண்டே மூச்சிரைக்கப் போனில் பேசிப் பதிவு செய்து வருவார்: "பன்னெண்டாவது கிலோமீட்டர், ஐஸ் பேக்டரி, அதைத் தாண்டி சோத்துக்கை பக்கம் திரும்பணும், மணல் கெடக்கு, மெதுவா." நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதையெல்லாம் சைக்கிள்காரர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ரூட் கார்டாக எழுதுவேன். அந்தச் சாலைகளில் பதினோரு வருஷம் விசில் ஊதியவள் நான். எந்த வளைவில் எந்த நாய் துரத்தும் என்பது வரை எழுதிக் கொடுப்பேன்.

போன மாதம் விடுதி முதலாளி நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். அறை வாசலில் நின்றபடி என்னிடம், "ஏம்மா, நீயாவது சொல்லு. காட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போற நேர்ரோடு ஒண்ணு போட்டுக் குடுன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். ராத்திரி அங்க தங்கிட்டு மறுநாள் வரணும். ரோடு சரியில்லன்னே சொல்றாரே இவரு?" என்றார்.

"சரியில்லையா? நாலு வருஷத்துக்கு முன்னாடியே புதுசா தார் போட்டாங்களே" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு விஷயம் விளங்கிவிட்டது. "இந்தத் தடவை பன்னெண்டு பேர் அதுக்குன்னே வர்றாங்க. நீங்க கூட்டிட்டுப் போனா இனிமே எல்லா நீள டூரும் உங்களுக்குத்தான். இல்லன்னா டவுன்லேர்ந்து வேற ஆளைப் போட வேண்டியதுதான். வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பிடித்துக்கொண்டேன். "பச்சையா பொய் சொல்லியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"நான் போயிட்டா உன்னை யாரு பாத்துக்குவா?"

"ஏன், ஊரு உலகத்துல உங்களுக்கு மட்டும்தான் ரெண்டு கை குடுத்திருக்கா? உங்க தங்கச்சியை வரச் சொல்லுங்க. நான் என்ன உங்களைக் கட்டியா போட்டிருக்கேன்? என் பேரைச் சொல்லிச் சொல்லியே வீட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தா நாளைக்குப் பழி யாரு மேல? என் மேல!"

மூன்று நாள் இதே சண்டை. நாலாம் நாள் என் நாத்தனாருக்கு நானே போன் போட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். தலையணையை எங்கே கொடுப்பது, முழங்காலுக்கு நடுவே எதை வைப்பது என்று அவர் பத்து தடவை காட்டினார். "அண்ணா, கிளம்புண்ணா. நானும் ரெண்டு புள்ளைங்களை வளத்தவதான்" என்று அவள் சிரித்தாள்.

காலை ஆறு மணிக்கு என்னைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினார். முப்பதாவது கிலோமீட்டரில் சாலை பிரியும். இடப்பக்கம் போனால் காடு. சோதனைச் சாவடியில் பன்னிரண்டு மணிக்கு மேல் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டுமே. வலப்பக்கம் போனால் நம் பழைய சுற்று. கடலோரமாகவே வீட்டுக்கு வந்துவிடலாம்.

கட்டிலுக்கு மேலே போன் தாங்கியில், மேப்பில் அவருடைய புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஐஸ் பேக்டரி தாண்டியது. பாலம் தாண்டியது. பிரிவு நெருங்க நெருங்க, போய்யா, போ, போ என்று வாய்விட்டே சொன்னேன். புள்ளி பிரிவுக்கு வந்தது. வலப்பக்கம் திரும்பியது.

போன்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். புள்ளி கடலோரமாக வந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு நாத்தனார் என்னைப் புரட்டிப் படுக்க வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் வாசலில் சைக்கிள்களை நிறுத்துகிற சத்தம். பன்னிரண்டு பேரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். காட்டு வழிக்கு நான் எழுதிக் கொடுத்த கார்டு ஆளுக்கு ஒன்று சட்டைப்பையில் இருந்திருக்கிறது. எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறவன் கார்டையா எடுத்துப் பார்ப்பான்? முன்னால் போகிறவர் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் திரும்புவான். அவர் கை வலப்பக்கம் நீண்டிருக்கிறது.

உள்ளே வந்து நின்றார். வியர்வை சொட்டியது. "கை தானா போயிடுச்சு. கடல் கண்ணுல பட்டப்பதான் தெரிஞ்சுது, திரும்பிட்டேன்னு" என்றார்.

திட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். அப்படியொரு சந்தோஷம். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பன்னிரண்டு பேரில் யாரோ போன் போட்டிருக்க வேண்டும், முதலாளி வேனோடு வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று பார்த்தால் தட்டிக் கொடுத்தார். "சரி விடுங்க, பழக்க தோஷம். எல்லாரையும் வேன்ல ஏத்திப் பிரிவுல இறக்கி விடறேன். இப்பக் கிளம்பினா பன்னெண்டுக்குள்ள சாவடியைத் தாண்டிடலாம். ஏறுங்க, ஏறுங்க."

"போ அண்ணா, நான் இருக்கேன்ல" என்றாள் நாத்தனார்.

அவர் நகரவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறிவிடுவார். அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. போக ஆசை. ஆறு வருஷத்து ஆசை. சொல்லுடி, சொல்லித் தொலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினவள்தானே நான்.

வாயைத் திறந்தேன். "இந்தத் தோள் குத்துதுங்க. கொஞ்சம் சரியா திருப்பி விட்டுட்டுப் போங்களேன்" என்றேன்.

நாத்தனார் என் முகத்தையே பார்த்தாள். அவள் என்னைப் புரட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார், ஒன்றை, பிறகு இன்னொன்றை. ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்தார், ஒரு கையை இடுப்புக்கு அடியில். வெளியே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"இப்ப சரியா இருக்கா?" என்றார்.

"சரியா இருக்கு" என்றேன்.